நமது எஸ்டேட்டை விட்டுப்போனது யார்?



கடந்த மாதம் நமது தோட்டங்களில் ஒன்றில் ஒரு பெரியவர் காலமானார். கவ்வாத்து மலையிலும் முள்ளு மலையிலுமாக 41 வருஷம் வேலை செய்து பென்சன் போனவர். கருமாதி முடிந்த மறுநாள் தோட்ட ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. இங்கிலீஷ் கடிதம். அந்த அம்மா அதைத் தலைவரிடம் கொடுக்க, தலைவர் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தார்.

விஷயம் நாலு வரிதான். அந்தக் காம்பரா வேலை செய்கிறவர்களுக்கு உரியது, இப்போது அந்தக் குடும்பத்தில் யாரும் செக்ரோலில் இல்லை, ஆகவே 30 நாளில் காம்பராவை ஒப்படைக்க வேண்டும். மகன் கொழும்பில் கடையில் நிற்கிறார். மகள் ஆடைத் தொழிற்சாலையில். அந்த அம்மாவும் 30 வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர்தான். இப்போது வெறும் கையோடு நிற்கிறார். கடிதத்தின் தலைப்பில், தோட்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் பெரிய எழுத்தில் அச்சாகியிருந்த சொல் ‘எஸ்டேட்’.

அதே வாரம் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைக் கொடுத்து வாசிக்கச் சொல்லியிருந்தோம். நீதிமன்ற அறிவித்தல் பகுதியில் ஒரு பிள்ளை விரலை வைத்தாள். கொழும்பில் இறந்துபோன யாரோ ஒருவருடைய ‘எஸ்டேட்’ பற்றிய மரணசாதன வழக்கு அறிவித்தல் அது.

“சேர், இவருக்கும் தேயிலை எஸ்டேட் இருந்துச்சா?”

இல்லையம்மா, ஒருவர் செத்தபிறகு அவர் விட்டுப்போகிற வீடு, காணி, நகை, வங்கிக் காசு எல்லாவற்றையும் சேர்த்து இங்கிலீஷில் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொன்னோம். பிள்ளை கொஞ்சம் யோசித்தாள்.

“அப்ப நம்ம எஸ்டேட்ட யாரு சேர் செத்து விட்டுட்டுப் போனது?”

வகுப்பு சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குச் சொல்லாத பதிலை இங்கே சொல்கிறோம்.

சொல் வந்த வழி

‘எஸ்டேட்’ என்றால் தேயிலை மலை என்றுதான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு வயது தேயிலையைவிட அதிகம். லத்தீன் மொழியில் ‘ஸ்டேட்டஸ்’ என்றொரு சொல். நிற்பது, நிலை என்று பொருள். அது பழைய பிரெஞ்சு மொழியில் ‘எஸ்டாட்’ ஆகி, அங்கிருந்து இங்கிலீஷுக்குப் போனது. முதலில் ஒரு மனிதன் இருக்கும் நிலையை, அவனுடைய அந்தஸ்தைத்தான் அது குறித்தது. பிறகு அந்த நிலைக்குக் காரணமான சொத்தைக் குறித்தது. பிறகு பெரிய காணியை. தமிழிலும் நில், நிலை, நிலம் என்ற மூன்று சொல்லும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்பதைக் காதே சொல்லும். காலூன்ற நிலம் உள்ளவனுக்கே நிலை உண்டு என்று இரண்டு பாஷைக்காரர்களும் கண்டிருக்கிறார்கள்.

இங்கிலாந்தின் சட்டம் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலை கொடுத்தது. 1066இல் நோர்மண்டி வில்லியம் அந்த நாட்டைப் பிடித்த பிறகு மண் முழுவதும் அரசனுக்கே சொந்தம் என்றாகியது. மற்றவர்களிடம் இருந்தது அந்த மண்ணில் ஒரு ‘எஸ்டேட்’. அதாவது இவ்வளவு காலத்துக்கு இதில் நிற்கலாம் என்ற உரிமை. அந்தக் காலத்தின் நீளத்தை வைத்தே உரிமையைத் தரம் பிரித்தார்கள். பிள்ளை, பேரன், பேரனின் பிள்ளை என்று முடிவில்லாமல் போகக்கூடியது முதல் தரம். ஒருவர் உயிரோடு இருக்கும்வரை மட்டும் உள்ளது அடுத்தது. இத்தனை வருஷம் என்று எழுதிக்கொள்கிற குத்தகையும் உண்டு. இவை எல்லாவற்றுக்கும் கீழே ஒன்று இருந்தது. காணிக்காரருக்கு மனமிருக்கும்வரை இருக்கலாம், போ என்றால் போகவேண்டும்.

ஆகவே அந்தச் சட்டத்தில் ‘உன் எஸ்டேட் என்ன?’ என்று கேட்டால், நீ செத்தபிறகு உன் பிள்ளை அங்கே நிற்கலாமா என்பதும் அந்தக் கேள்விக்குள் அடங்கும்.

இப்போது அந்த அம்மாவுக்கு வந்த கடிதத்தை எடுத்துப் பாருங்கள். 41 வருஷம் உழைத்தவருக்கு ஆயுள் உரிமைகூட எழுத்தில் இல்லை. வேலை இருக்கும்வரை காம்பரா. அவர் பிறந்ததும் எஸ்டேட்டில், உழைத்ததும் எஸ்டேட்டில், அவரைப் புதைத்ததும் எஸ்டேட்டில். ஆனால் அவருக்கென்று ஒரு எஸ்டேட் கிடையாது.

கைமாறிய கதை

இந்த மலைகள் எப்படி எஸ்டேட் ஆயின? 1815இல் கண்டி வீழ்ந்தது. 1840இல் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிச் சட்டம் வந்தது. காடாகவும் தரிசாகவும் பயிரிடாமலும் கிடக்கிற காணி, வேறு யாருக்கும் சொந்தம் என்று நிரூபிக்கப்படும்வரை அரசுக்கே சொந்தம் என்றது அந்தச் சட்டம். சேனை செய்து, காட்டில் மாடு மேய்த்து வாழ்ந்த கண்டிச் சிங்களக் கிராமத்தவரிடம் அதற்குக் காகிதம் எங்கே இருந்தது? காகிதம் இல்லாதவன் காணி இல்லாதவன் ஆனான். ஆரம்ப காலத்தில் ஏக்கர் 5 ஷில்லிங்குக்கு அந்தக் காணி விற்கப்பட்டது. வாங்கியவர்களில் வெள்ளைக்கார அதிகாரிகளும் இருந்தார்கள். நமக்கும் பக்கத்துச் சிங்களக் கிராமத்துக்கும் பகை மூட்டுகிறவர்கள் இந்தப் பக்கத்தை வாசிப்பதில்லை. அவர்களிடமிருந்து மண் பறிக்கப்பட்டது. அந்த மண்ணில் நமது உழைப்பு பறிக்கப்பட்டது. பறித்த கை ஒன்றுதான்.

கோப்பி போட்டார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. 1867இலேயே ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். மலையெல்லாம் தேயிலை ஆனது. முதலில் தனித் துரைமார், பிறகு லண்டன் கம்பெனிகள். 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தச் சட்டம் வந்து தோட்டங்களை அரசு எடுத்தது. பிரிட்டிஷ் கம்பெனிகளுக்கு நட்டஈடு கிடைத்தது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியக் கம்பெனிகளின் கைக்குப் போயின. 53 வருஷக் குத்தகை. அது 2045வரை ஓடும்.

ஒவ்வொரு தடவையும் உறுதி எழுதினார்கள், ஒப்பந்தம் எழுதினார்கள், கணக்குத் தீர்த்தார்கள். தேயிலைச் செடி, ஃபெக்டரி, பங்களா, லயம் எல்லாம் கைமாறின. அவற்றோடு நாமும் கைமாறினோம். கம்பெனியில் பங்கு வைத்திருப்பவர் செத்தால் அந்தப் பங்கு அவருடைய பிள்ளைக்குப் போகும். செடியை வளர்த்தவர் செத்தால் பிள்ளைக்குக் கடிதம் போகும்.

நாடும் அதே சொல்தான்

‘ஸ்டேட்டஸ்’ என்ற அந்த லத்தீன் சொல்லுக்கு இங்கிலீஷில் இன்னொரு பிள்ளையும் உண்டு. அதுதான் ‘ஸ்டேட்’. அரசு, நாடு. ‘எஸ்டேட்’டும் ‘ஸ்டேட்’டும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். ஒன்று நமக்குக் கிடைக்காததுபோல மற்றதும் நம்மிடமிருந்து பறிக்கப்பட்டது.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை நமது பிள்ளைகள் சரித்திரப் பாடத்தில் ஒரு வரியாக மனப்பாடம் செய்கிறார்கள். அது குடியுரிமையை எப்படிப் பார்த்தது என்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வம்சாவழியில் வருகிற சொத்தைப்போலத்தான் பார்த்தது. நீ இங்கே பிறந்திருந்தால் மட்டும் போதாது. உன் தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தகப்பனின் தகப்பனும் அவருடைய தகப்பனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதைக் காட்டவும் வேண்டும். லயத்தில் பிறந்து, துரையின் பேரேட்டில் தலைக்கணக்காக மட்டும் நின்றவரின் பேரப்பிள்ளை எந்தக் காகிதத்தைக் காட்டுவான்? 1840இல் கிராமத்தவனிடம் கேட்ட அதே கேள்வி 1948இல் நம்மிடம் கேட்கப்பட்டது. ஏறக்குறைய 7 இலட்சம் பேர் நாடற்றவர் ஆனோம்.

அதோடு விடவில்லை. 1964இல் இரண்டு நாட்டுப் பிரதமர்களும் உட்கார்ந்து 975,000 பேரைக் கணக்கெடுத்தார்கள். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்ப்போம். 1974இல் அந்த மிச்சத்தையும் ஆளுக்குப் பாதி என்று முடித்தார்கள். செத்தவர் வீட்டில் ஆடு மாட்டைப் பங்கு பிரிப்பதுபோல நம்மைப் பிரித்தார்கள். நமக்குச் சொத்து இருக்கவில்லை, ஆனால் நாமே சொத்தாகப் பங்கு போடப்பட்டோம். கடைசியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற பெயர் தீர்ந்தது. ‘ஸ்டேட்’ கிடைக்க 55 வருஷம் ஆயிற்று. ‘எஸ்டேட்’ இன்னும் கிடைக்கவில்லை.

துரைமாரின் ஊரில் நடந்தது

இங்கே ஒரு விஷயத்தைக் கவனமாக வாசியுங்கள். துரைமார் எந்த ஊரிலிருந்து வந்தார்களோ அந்த ஊரிலேயே நம்மைப்போன்ற ஆட்கள் இருந்தார்கள். பிரபுவின் பண்ணையில் கட்டுண்டு உழைத்த பண்ணையாட்கள். பண்ணையை விட்டுப் போக முடியாது. குடிசையும் துண்டுக் காணியும் பிரபுவின் மனம்போலத்தான். பண்ணைக்கு ஒரு மன்றம் இருந்தது, அந்த மன்றத்துக்கு ஒரு பேரேடு இருந்தது. அதற்குப் பெயர் ‘ரோல்’. நமது செக்ரோலில் இருக்கிற அதே ‘ரோல்’தான். இன்னார் செத்தார், அவர் மகன் வந்தான், கட்டணம் கட்டினான், காணி அவன் பெயரில் பதியப்பட்டது என்று அதில் எழுதுவார்கள். சும்மா எழுதவில்லை. செத்தவருடைய மாடுகளில் நல்லதாக ஒன்றைப் பல பண்ணைகளில் பிரபு எடுத்துக்கொள்வார்.

1348-49இல் கொள்ளைநோய் வந்தது. மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத சனம் செத்தது. பண்ணைகளில் வேலைக்கு ஆளில்லை. மிஞ்சியவர்கள் பேரம் பேசினார்கள். 1381இல் கிளர்ச்சி செய்தார்கள். பல இடங்களில் தங்களைக் கட்டிவைத்திருந்த பேரேடுகளையே நெருப்பில் போட்டார்கள். கிளர்ச்சி அடக்கப்பட்டது, ஆனால் பழைய பண்ணையடிமை முறை மீண்டும் நிமிரவில்லை. பேரேட்டில் தன் பெயர் உள்ள வரியின் பிரதியைக் குடியானவன் கையில் வைத்திருந்தான். காலப்போக்கில் அந்தப் பிரதியே அவனுடைய உறுதி ஆனது. அரச நீதிமன்றங்களும் அதை ஏற்றன. ‘பிரதியால் வைத்திருப்பவன்’ என்றே அவனுக்குச் சட்டத்தில் பெயர் வந்தது. 1926இல் அந்தக் காணிகளெல்லாம் முழு உரிமைக் காணிகளாக மாற்றப்பட்டன.

பிரபுவின் மனம்போல இருந்தவனுக்கு ஒரு காகிதம் கிடைத்தது, அந்தக் காகிதம் முதுசம் ஆனது. நாம் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக ரோலில் இருக்கிறோம். நமது பாட்டன் பெயர், அப்பன் பெயர், அம்மா பெயர் எல்லாம் ரோலில் இருந்தன. அந்த ரோல் காட்டுவது ஒன்றைத்தான், இன்றைக்கு எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள் என்பதை. நமக்கு உரிமை தருகிற பிரதி ஒன்று நம் கைக்கு வரவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இன்றைக்குத் தோட்டங்களில் ஆளில்லை, ஆளில்லை என்று கம்பெனிகள் அழுகின்றன. இளைஞர்கள் கொழும்புக்குப் போகிறார்கள், பெண்கள் வெளிநாட்டுக்குப் போகிறார்கள் என்கிறார்கள். ஆள் குறைந்த காலத்தில்தான் அந்த ஊர்ப் பண்ணையாட்களின் கை ஓங்கியது. இது நமக்கும் பேசவேண்டிய காலம்.

அவர்கள் சொல்லும் காரணங்கள்

‘இலவசமாக வீடு தருகிறோமே’ என்பது முதல் காரணம். இலவசமா? பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பராவுக்கு நாலு தலைமுறை வாடகை கட்டியிருக்கிறது. நாள் சம்பளத்தில் கொடுக்காமல் விட்டதெல்லாம் அந்த வாடகைதான். கூரைத் தகரத்தை மாற்றியவர் யார், சுவருக்குப் பூச்சுப் பூசியவர் யார், முன்னால் அடுப்படியை இழுத்துக் கட்டியவர் யார் என்று எந்த லயத்திலும் கேட்டுப் பாருங்கள்.

‘காணியைத் துண்டு போட்டால் தேயிலை அழிந்துவிடும்’ என்பது இரண்டாவது. இலங்கைத் தேயிலையில் 70 வீதத்துக்குமேல் இன்றைக்குச் சிறுதோட்டக்காரர்களின் கொழுந்திலிருந்து வருகிறது. காலியிலும் மாத்தறையிலும் இரத்தினபுரியிலும் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருக்கிற குடும்பங்கள். அங்கே தகப்பன் செத்தால் காணி பிள்ளைக்குப் போகிறது. தேயிலை அழியவில்லை. அத்தோடு, நாம் கேட்கிற அளவையும் கணக்குப் போடுங்கள். ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். 1,000 ஏக்கர் தோட்டம் ஒன்றில் 400 குடும்பங்களுக்கு 7 பேர்ச் வீதம் கொடுத்தால் 17.5 ஏக்கர் போகும். 20 பேர்ச் கொடுத்தாலும் 50 ஏக்கர்தான். காடேறிக் கிடக்கிற மலைகளே அதைவிட அதிகம் என்பது நமக்குத் தெரியாதா?

‘கொடுத்தால் குடித்து விற்றுவிடுவார்கள்’ என்பது மூன்றாவது. இதை வெளியே சொல்லமாட்டார்கள், உள்ளே சொல்வார்கள். கம்பெனிப் பங்கை விற்கிறவரிடம் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. ஆனால் நமது வீடுகளில் அந்தப் பயம் பெண்களுக்கு இருக்கிறது என்பதையும் மறைக்கமாட்டோம். அதற்கு மருந்து காணியை மறுப்பது அல்ல. உறுதியில் மனைவியின் பெயரையும் போடுவதுதான். கொழுந்து எடுக்கிற கை அவளுடையது. அவள் கையெழுத்து இல்லாமல் காணி விற்கமுடியாது என்று இருக்கட்டும்.

நமது பக்கத்துக் குறை

பிறரை மட்டும் குற்றம் சொல்லி முடிக்கமுடியாது. சங்கங்களாகிய நாமும் பல வருஷமாகச் சம்பளத்தை மட்டுமே பேசினோம். சம்பளம் பேசாமல் முடியாது, அது அடுப்பு எரிகிற விஷயம். ஆனால் நாள் சம்பளம் அன்றைக்கே முடிந்துவிடும். காணி உறுதிதான் நாளைக்கும் இருக்கும். தேர்தல் வந்தால் 7 பேர்ச் என்றும் 10 பேர்ச் என்றும் மேடையில் சத்தம் போடுகிறோம், தேர்தல் முடிந்தால் மறந்துவிடுகிறோம். புது வீடு கட்டிக்கொடுத்துத் திறப்பு விழாவில் படம் பிடித்தபிறகு, அந்த வீட்டுக்காரர் கையில் உறுதி இருக்கிறதா என்று எத்தனை தலைவர்கள் திரும்பிப் போய்ப் பார்த்தோம்? வீட்டுச் சாவி மட்டும் போதாது, தோழர்களே. சாவியைப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். வீட்டைக் கொடுக்க உறுதி வேண்டும்.

வடக்கிலே ‘முதுசம்’ என்றொரு சொல் இருக்கிறது. முன்னோரிடமிருந்து வந்த சொத்து. அங்கே சாதாரணமாகப் பேசுகிற சொல். நமது லயங்களில் அதைச் சொல்லவேண்டிய சந்தர்ப்பமே யாருக்கும் வரவில்லை. இந்த நிலையை மாற்ற, ஒவ்வொரு கிளையும் இந்த மாதக் கூட்டத்தில் எடுக்கவேண்டிய வேலைகள் இவை:

1. சேமலாப நிதி. சட்டப்படி குறைந்தது உங்கள் சம்பளத்தில் 8 வீதமும் முதலாளியின் பங்காக 12 வீதமும் போகவேண்டும். நம்பிக்கை நிதிக்கு முதலாளி 3 வீதம். உங்களுக்குப் பிறகு அந்தக் காசு யாருக்கு என்று பின்னுரித்தாளியின் பெயர் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாமல் செத்தால் பிள்ளைகள் ஆபீஸ் ஆபீஸாக அலையவேண்டும்.

2. சேவைக்காலப் பணம். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, 5 வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்த நாட்சம்பளக்காரருக்கு வருஷத்துக்கு 14 நாள் சம்பளம். 30 வருஷம் என்றால் 420 நாள். தொழிலாளி வேலையில் இருக்கும்போது இறந்தால் அது வாரிசுகளுக்கு உரியது. விடவேண்டாம்.

3. பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர், செக்ரோலில் ஒரு பெயர். அவசரத்தில் யாரோ எழுதிய பிழைக்காக ஒரு குடும்பம் உரிமையை இழக்கக்கூடாது. பிழைகளைத் திருத்துவதற்குப் பள்ளிக்கூடத்தில் உதவுவோம். சனிக்கிழமை காலையில் காகிதங்களோடு வாருங்கள்.

4. காம்பராக் கணக்கு. ஒவ்வொரு லயத்திலும் எந்தக் காம்பராவில் எந்தக் குடும்பம், எத்தனை தலைமுறை, என்ன திருத்தம் தங்கள் செலவில் செய்தார்கள் என்று நாமே ஒரு பேரேடு எழுதுவோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பிரதி கொடுப்போம். அது இன்றைக்கு உறுதி ஆகாது. ஆனால் நாளைக்கு யாராவது ‘நிரூபி’ என்றால் 1840இலும் 1948இலும் நின்றதுபோல வெறுங்கையோடு நிற்கமாட்டோம்.

5. கோரிக்கை. வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடியிருக்கிற குடும்பத்துக்கு வீட்டுக்கும் தோட்டத்துக்கும் போதுமான காணி, கணவன் மனைவி இருவர் பெயரிலும் முழு உறுதி. அது வரும்வரை எந்தக் காம்பராவிலிருந்தும் எந்தக் குடும்பத்தையும் எழுப்பக்கூடாது.

அந்தப் பிள்ளைக்குப் பதில்

மகளே, நீ கேட்டாய், நமது எஸ்டேட்டைச் செத்து விட்டுப்போனது யார் என்று. மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுப் பாதையில் நடந்து வந்து வழியிலேயே விழுந்தவர்கள் விட்டுப்போனது. 2023இல் தலைமன்னாரிலிருந்து அதே பாதையில் நமது ஆட்கள் நடந்தது அவர்களை நினைத்துத்தான். காடு வெட்டி, கல்லு வெட்டி, பாதை போட்டு, ரயில் பாதைக்கு மண் சுமந்து, குளிரிலும் அட்டைக் கடியிலும் செடி வைத்தவர்கள் விட்டுப்போனது. தேயிலைக்கு அடியில் அவர்கள் கிடக்கிறார்கள், கல்லறைகூட இல்லாமல். செத்தவர்கள் விட்டுப்போன சொத்துத்தான் எஸ்டேட் என்றால், இது அவர்களுடைய எஸ்டேட். வாரிசுகள் நாம். வழக்கு இன்னும் முடியவில்லை.

அந்த அம்மா இன்னும் அந்தக் காம்பராவில்தான் இருக்கிறார். கிளைத் தலைவரும் மாதர் சங்கத் தலைவியும் ஆபீஸுக்குப் போய்ப் பேசியதில் 30 நாள் என்பது ‘பார்ப்போம்’ என்று ஆகியிருக்கிறது. கடிதத்தை இன்னும் திருப்பி எடுக்கவில்லை. திருப்பி எடுக்கும்வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த லயத்து வாசலில் கூடுவோம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் இருந்தால் ஒளித்து வைக்காமல் கொண்டுவாருங்கள்.